தொட்டியில் யாரோடு யாரை விடுவது

ஐப்பசி 1, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்துக் கூலி லயத்தில் பாதிப் பேர் இன்னும் போர்வைக்குள். தம்பி சபாபதி மட்டும் நனைந்துகொண்டு ஈப்போ போய் வந்தான். (இனி த. என்றே எழுதப் போகிறேன். அவன் பெயரை எழுதியே பாதி மை தீர்கிறது.)

வாங்கச் சொன்னது: அரிசி, உளுந்து, விளக்குத் திரி.
வாங்கி வந்தது: தங்கமீன் இரண்டு, சண்டைமீன் ஒன்று. உளுந்து மறந்துவிட்டதாம்.

பழைய துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போன கண்ணாடித் தொட்டி ஒரு மாதமாகக் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காமாட்சி வரும்போது அதில் மீன் நீந்த வேண்டுமாம். போன வருடம் லீவில் ஊருக்குப் போய் தாலி கட்டிவிட்டு வந்தான். இப்போதுதான் அவளை அவள் மாமா நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி அழைத்து வருகிறார். நான் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

மூன்றும் ஒரே தொட்டியில் இருக்குமா என்று சீனர் கடையில் கேட்டானாம். "பொலே, பொலே" என்றாராம். ஆகும், ஆகும். விற்கிறவர் வேறென்ன சொல்வார்.

சாப்பிடும்போது சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவ மாமா திரும்பிப் போவாருல்ல, அவரு கூடவே நீயும் ஊருக்குப் போலாமே அக்கா. தொணையா இருக்கும்."

யாருக்குத் துணை? ரசம் ஊற்றினேன். ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் செத்த கையோடு கொழுந்தன்மார் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். அதன் பிறகுதானே இங்கே வந்தேன். இவனுக்கு அது தெரியாதா?

ஐப்பசி 3, செவ்வாய்

வெயில். வடகம் காயப்போட்டேன்.

காலையில் ஒரு தங்கமீனுக்குப் பாதி வால் இல்லை. சண்டைமீன் பக்கத்திலேயே யோக்கியன் மாதிரி நிற்கிறது. த. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே, "பழகிக்கும்லா அக்கா." சாயங்காலம் மற்றதற்கும் வால் இல்லை. பழகிவிட்டது.

சண்டைமீனை ஊறுகாய் ஜாடிக்கு மாற்றினேன். இருந்த ஒரே கண்ணாடி ஜாடி. எலுமிச்சங்காய் வாங்கி வைத்தது வாடுகிறது.

ஐப்பசி 5, வியாழன்

நேற்று த. தோட்டத்து வடிகாலில் பனையேறிக் கெண்டை பிடித்து வந்து தொட்டியில் விட்டான். "உறுதியான மீன்கா. யாருக்கும் பயப்படாது." அது பயப்படும் என்று இங்கே யார் கவலைப்பட்டார்கள்?

இன்று காலை: ஒரு தங்கமீன் மிதக்கிறது. இன்னொன்றுக்கு ஒரு கண் இல்லை. கெண்டையையே காணோம். தேடினால் அடுப்படியில், அரிசித் தகரத்துக்குப் பின்னால், உயிரோடு. தொட்டி ஏறிக் குதித்துக் கூடம் தாண்டி வந்திருக்கிறது. என்னையே முறைத்தது.

குழம்பு வைத்தேன். த. தொடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஐப்பசி 8, ஞாயிறு

த. மறுபடி ஈப்போ. புதுத் தங்கமீன் நாலு. தகரக் குவளையிலிருந்து நேரே தொட்டிக்குள் கவிழ்க்கப் போனான். கையைப் பிடித்தேன். கொஞ்ச நாள் அண்டாவில் தனியாக வை, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடலாம் என்றேன். நாமெல்லாம் எப்படி வந்தோம்? கப்பலிலிருந்து இறக்கி, தீவு முகாமில் அடைத்து, துணியை ஆவியில் வேகவைத்து, அம்மை இல்லை என்று உறுதியான பிறகுதானே கரைக்கு விட்டார்கள்?

"மீனுக்கும் முகாமா?" சிரித்துக்கொண்டே கவிழ்த்துவிட்டான்.

தொட்டியின் நெற்றியில் குங்குமப் பொட்டு வேறு வைத்திருக்கிறான்.

ஐப்பசி 11, புதன்

மழை விடவில்லை. மனசும் சரியில்லை.

மீன் எல்லாவற்றுக்கும் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. த. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரை அழைத்து வந்து, மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா கொஞ்சம் கரைத்து ஊற்றலாமா என்று கேட்கிறான். "மனுசனுக்கே கொய்னா பத்தலைங்க" என்றார் டிரசர். போகிற வழியில் அவர் பின்கட்டுப் பீப்பாயை எட்டிப் பார்த்துவிட்டார். "ஏங்கக்கா, கொசுப்புழு வளக்கிறீங்களா? தோட்டமே காய்ச்சல்ல கெடக்கு." மீனுக்குத் தீனி என்று எந்த வாயால் சொல்வது? பீப்பாயைக் கவிழ்த்துவிட்டுப் போனார். இனி நான் மண்வெட்டியோடு மண்புழு தேட வேண்டும்.

மத்தியானம் தந்தி. கப்பலில் யாருக்கோ அம்மை. காமாட்சியும் மாமாவும் தீவு முகாமில்.

த. தூணில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் தோன்றியது: இன்னும் கொஞ்ச நாள் இந்த வீட்டில் இருக்கலாம். தோன்றியதும் வெட்கமாகப் போயிற்று. அந்த முகாமின் கந்தகப் புகை எனக்குத் தெரியும். அந்தப் பெண் அதில் இருமிக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி 15, ஞாயிறு

மீன் எதுவும் மிஞ்சவில்லை, ஜாடியில் இருக்கும் ரௌடியைத் தவிர. தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தேன். இந்த முறை நானே. வடிகாலில் பழைய புடவையை விரித்து செப்பாட் பிடித்தேன், மலாய்க்காரர் வெயிலில் காயவைத்து விற்பார்களே, அந்தச் சப்பை மீன். நாலு. அண்டாவில் தனியாக.

இதுவரை தெரிந்தது:
சண்டைமீன்: தனி.
பனையேறி: குழம்பு.
தங்கமீன்: தங்கமீனோடு மட்டும். வந்தவுடன் அல்ல.
செப்பாட்: பார்க்கலாம்.

த. அண்டாவை எட்டிப் பார்த்தான். "அழகே இல்லையே."

ஐப்பசி 21, சனி

செப்பாட் நாலும் தொட்டியில். கடியில்லை, புள்ளியில்லை.

சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். ஆரத்தி எடுத்தேன். காமாட்சி ஒல்லி, குரல் மட்டும் கனம். தலைமுடியில் இன்னும் முகாம் மருந்து வாடை. நேரே தொட்டியண்டை போய் நின்றாள். அழகு என்றாள். த. தானே வடிகாலில் இறங்கிப் பிடித்தவன் போலச் சிரித்தான்.

பிறகு ஜாடியைப் பார்த்து, "இது ஏன் தனியா இருக்கு அண்ணி?"

"யாரோடயும் ஒத்துப் போகாது."

"பாவம்."

பாவமாம். இரண்டு வால் தின்ற பாவம்.

ஐப்பசி 23, திங்கள்

காலையில் நான் மண்புழு நறுக்குவதைப் பார்த்துவிட்டு காமாட்சி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

இரவுச் சாப்பாட்டில் அவள் மாமா: "வர்ற கப்பலுக்கே ரெண்டு சீட்டு எடுத்துடலாமா மாப்ளே?"

த. என் பக்கம் திரும்பவில்லை. "ம்."

காமாட்சி கரண்டியோடு நின்றாள். "ரெண்டு எதுக்கு?"

"மாப்ளையோட அக்காவும் வர்றாங்கல்ல" என்றார் மாமா.

"அப்ப அந்தத் தொட்டியையும் ஏத்திக்கிட்டுப் போங்க. நான் புழுவைத் தொட மாட்டேன்."

த.: "அழகா இருக்குன்னியே?"

"பாக்கத்தான் சொன்னேன்." அவன் இலையில் குழம்பை ஊற்றினாள். "முகாம்ல ஒரே கொட்டாயில அத்தனை பொம்பளைங்க கெடந்தோம். மொத நாளு பாய்க்குச் சண்டை. அதுக்காக யாரும் யாரையும் ஊருக்கு அனுப்பலை."

கடைசியில் த., "ஒரு சீட்டு போதும் மாமா."

பாத்திரம் கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அவள் என்னை நிறுத்தியது எனக்காகவா, மண்புழுவுக்காகவா? கேட்கப் போவதில்லை.

ஐப்பசி 24, செவ்வாய்

தூறல். எலுமிச்சங்காய் அத்தனையும் அழுகல்.

புதுக் காய் வாங்கி ஊறுகாய் போட அந்த ஜாடி வேண்டும் என்றாள் காமாட்சி. தர முடியாது, மீன் இருக்கிறது என்றேன். "மீனுக்கு ஒரு ஜாடியா?" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நாளை தொட்டித் தண்ணீர் மாற்ற வேண்டும். அவளைத்தான் கூப்பிட வேண்டும். வாளி கனம்.