நாலு பக்கமும் தைச்ச தலையணை உறை

வியாழன், ராத்திரி

பக்கவாதம் வந்த ராஜியோட வலது கைக்கு அண்டக் கொடுக்க ஒரு குட்டித் தலையணை தைக்கலாம்னு என் பழைய வேஷ்டியைக் கிழிச்சேன். எல்லாம் வீடியோ பார்த்துத்தான். மந்தைவெளியில பஞ்சும் வாங்கிண்டு வந்தேன். மத்தியானம் உறையைக் காட்டினேன்.

"ஏன்னா, நாலு பக்கமும் தைச்சுட்டேளே, பஞ்சை எப்படி அடைப்பேள்?"னு சிரிச்சா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் இன்னிக்குத்தான் சிரிக்கறா. எனக்கும் சிரிப்பு வந்துடுத்து.

"கொடுங்கோ, ஒரு பக்கம் பிரிச்சுத் தரேன்"னு இடது கையால ஊசியை எடுத்தா. துணியைப் பிடிக்க வலது கை வரலை. நான் பிடிச்சேன்.

"விடுங்கோ, நானே பிடிச்சுக்கறேன்"னா.

விட்டேன். துணி நழுவிக் கீழே விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துண்டுட்டா.

சாப்பிடக்கூட எழுந்திருக்கலை. பஞ்சு கட்டிலடியில அப்படியே கிடக்கு. நான் பிடிச்சிண்டே இருந்திருக்கணுமோ?