நல்ல வகைக்காரி எழுதுவது

மன்னார்குடி,
ஐப்பசி 20

அன்புள்ள அனுராதா அக்காவுக்கு,

கலைமகள் எழுதிக்கொள்வது. வழக்கப்படி இங்கு யாவரும் நலம் என்று தொடங்க ஆசைதான், அதைப் பிறகு பார்ப்போம். உங்கள் தம்பி மதிவாணனை பஸ் ஸ்டாண்டில் வழிமறித்து, கெஞ்சிக் கூத்தாடி இந்தப் புனே முகவரியை வாங்கினேன். மகன் வீட்டில் மாடிப்படி ஏறி இறங்கி, பேத்தியைத் துரத்திக்கொண்டு திரிகிறீர்கள் என்றார். உயிரோடு இருக்கிறீர்கள்! நடுத்தெரு என்றும் பாராமல் அழுதுவிட்டேன். பாவம், மனுஷன் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசி கீமோ முடிந்த அன்று, "நான் போன சேதி உன் காதுல விழ வேணாம் கலை, இப்பவே என்னை மறந்துடு" என்றீர்கள். சொன்னபடி நம்பரையும் மாற்றிவிட்டுப் போய்விட்டீர்கள். அழுத்தக்காரி அக்கா நீங்கள். மறக்கிற மாதிரியா பழகினோம்? முடி கொட்டியதை மறைக்க, வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை போட்டோம் என்று ஊரில் புளுகினோம். எதிர்வீட்டுத் தங்கம்மாள் பிரசாதம் எங்கே என்று கேட்க, வீட்டு விபூதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள். அவள் இன்னும் அதை சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள்.

அப்போதெல்லாம் என்னைத்தான் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். பேர் என்னவோ இருவருக்கும் மார்பகப் புற்றுதான். என் கட்டி ஹார்மோனைத் தின்று வளர்வது. அதன் தீனியை நிறுத்த தினம் ஒரு மாத்திரை இருந்தது. உங்களுடையது ட்ரிப்பிள் நெகட்டிவ். அந்த மாத்திரைக்கும் மசியாது, ஹெர்-2 என்ற இன்னொரு வகைக்குப் போடுகிற ஊசிக்கும் மசியாது. ஆபரேஷனுக்கு மேல் கீமோ ஒன்றுதான் கதி. நர்ஸ் சாவித்திரி என்னை "நல்ல வகை" என்று சொல்லும்போதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

புரட்டாசியில் நாற்றுப் பறிக்கக் குனிந்தவள் நிமிர முடியவில்லை. பிடிப்பு என்று தைலம் தேய்த்தேன். ஸ்கேன் எடுத்தால், எலும்பில் வந்திருக்கிறது என்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தா என்று டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உங்கள் வகை திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களிலேயே திரும்பிவிடுமாம். அதைத் தாண்டியவர்களுக்குப் பயம் வெகுவாகக் குறைந்துவிடுமாம். என் வகைதான் பத்துப் பதினைந்து வருடம் ஆனாலும் எட்டிப் பார்க்கக்கூடியதாம். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம். நீங்கள் தாண்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் என் நிலைமை உறைத்தது.

பதறாதீர்கள். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், எலும்புக்கு மாதாமாதம் ஊசி. அடியோடு போகாது, ஆனால் வருஷக்கணக்கில் அடக்கி வைக்கலாம் என்கிறார். வீட்டுக்காரர் சமையலில் இறங்கியிருக்கிறார். சோறு தினமும் குழைகிறது, நானும் வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன்.

உங்களைப் போல நானும் சொல்லாமல் ஒதுங்கிவிடலாமா என்று யோசித்தேன். அந்த நெஞ்சுரம் எனக்கு இல்லை. நல்லதோ கெட்டதோ, என் சேதி உங்கள் காதில் விழத்தான் வேண்டும். உங்களைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை அக்கா.

பெரியவர்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நீங்கள் நூறு வயசு இருக்க வேண்டும். அதில் ஒரு நாலு நாளை இங்கே வந்து எனக்குக் கொடுங்கள்.

உங்கள்,
கலை