மைக்கில் கோளாறு இல்லை

மாப்ள,

இன்றைக்கு மத்தியானம் என் மகளின் அறைக்கு ஓடினேன். கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டு கதவைத் தள்ளினால், காதில் ஹெட்செட்டும் வாய் நிறைய முறுக்குமாக உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூடத்துக் கம்ப்யூட்டரிலும் அவள் உள்ளறையிலுமாகச் சுடுகிற விளையாட்டு ஆடுவது வழக்கம். பேசிக்கொண்டே ஆடியவளின் குரல் சட்டென்று நின்றுவிட்டது. அவளுடைய மின்விசிறியின் சத்தம் மட்டும் என் காதில் வந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்கப்பா, ஊடு பத்திக்கிச்சா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்த கட்டடத்தின் மாடியில் நாம் கூட்டாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தோம். ஸ்க்ரூ டிரைவர் என்னுடையது, வாய் உங்களுடையது. விலை மட்டும் கேட்டுப் போக வந்தவர் காபி குடித்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவார். திட்டுவதற்கும் 'ங்க' போடுகிற இந்த ஊரிலேயே உங்கள் 'ங்க'வுக்குத் தனி ருசி இருந்தது. அந்தக் குரலை நம்பித்தான் கடையே ஓடியது.

ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றி, அதிலேயே விழுந்து கிடந்தவரும் நீங்கள்தான். ஞாயிறு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முன்னறையில் நானும் வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்த பின்னறையில் நீங்களுமாக உட்கார்ந்து, நடுவில் வயர் இழுத்து விளையாடுவோம். விளையாடும்போதே பேசிக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள். "கூப்பிட்டா கேக்கற தூரத்துக்கு ஹெட்செட் எதுக்குங்க?" என்றேன். "இங்க நடந்தா உடுமலைக்கும் கோயமுத்தூருக்கும் நடக்குமுங்க மாப்ள" என்றீர்கள்.

நடக்க வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. விளையாட்டைத் திறந்தால் அது சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டு, பேசுகிற புரோகிராமுக்கு விட மாட்டேன் என்றது. பேச்சுக்கென்று இன்னொரு கார்டு செருகினோம். அப்புறம் பார்த்தால், ஒலி அளவுகளை வைக்கிற மிக்சரில் மைக்குக்குப் பதிலாக வேறு துளை தேர்வாகியிருந்தது. அதைச் சரி செய்தால், மெஷினை அணைத்துப் போட்டதும் மைக்கின் அளவு மறுபடி சைபருக்குப் போய்விடும். மெஷின் எழும்போதே அளவை ஏற்றிவிடும்படி ஒரு வரி எழுதி வைத்த அன்றுதான் உங்கள் குரல் முதன்முதலாக என் காதுக்குள் வந்தது. நான் சுடுவதை மறந்து சிரித்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன் கொஞ்சம் பேசிப் பதிவு செய்து பார்ப்போம். அதற்கு நீங்கள் எப்போதும் கண்டக்டராகிவிடுவீர்கள். "காங்கேயம், காங்கேயம், காங்கேயம்! ஏறுங்க அம்மணி, எடம் இருக்குதுங்க!" கீழே நிஜக் கண்டக்டர்களும் அதையே கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தப் பதிவுகள் எல்லாம் வரிசையாக என் மெஷினில் சேர்ந்தன.

சில மாதங்கள் போயின. உங்கள் குரல் மங்க ஆரம்பித்தது. "மைக்கு போச்சுங்க" என்றேன். ஹெட்செட்டை மாற்றினேன், ஜாக்கைப் புதிதாகப் பற்ற வைத்தேன், கார்டை வேறு துளைக்கு மாற்றினேன். ஒவ்வொரு வாரமும் மைக்கின் அளவைக் கொஞ்சம் கூட்டினேன். கூட்டிய அன்று தேவலாம்போல இருக்கும். அடுத்த வாரம் மறுபடி மங்கும். கடையில் நேருக்கு நேர் பேசும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மாப்ள. தினம் கேட்கிற குரல் தேய்வது காதுக்குத் தெரிவதில்லை போல.

எந்த வாரத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்கலாம் என்று ஒரு நாள் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய பதிவுகளை முதலில் இருந்து ஓட்டினேன். முதல் பதிவில் உங்கள் காங்கேயம் முழங்கியது, கீழே இருந்தவரின் காங்கேயம் லேசாகக் கேட்டது. அடுத்தடுத்த பதிவுகளில் அவருடையது ஏறிக்கொண்டே வந்தது. பஸ் ஹாரன் ஏறியது, விசில் ஏறியது. நான் கூட்டிய அளவுக்கு எல்லாமே ஏறியிருந்தன. உங்கள் குரல் மட்டும் இறங்கி, கரகரத்து, கடைசிப் பதிவில் வெறும் காற்றாக இருந்தது. பதிவை நிறுத்தினேன்.

"மைக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "எச்சில்ல ரத்தம் வருதுங்க மாப்ள, கொஞ்ச நாளாவே. மைக்குதான்னு நீங்க சொல்லச் சொல்ல எனக்கு எத்தன நிம்மதியா இருந்துச்சு தெரியுமுங்களா?" என்றீர்கள். அப்புறம், "கடைசிய அழிச்சுப்போடுங்க" என்றீர்கள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தொண்டையில் புற்று என்று குரல்வளையையே எடுத்தார்கள். அது நெஞ்சுக்கும் இறங்கிவிட்டதை உங்கள் அண்ணனிடம் மட்டும் சொன்னார்கள், அவர் என்னிடம் சொன்னார். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஞாயிறுகளில் மட்டும் கடைக்கு வந்தீர்கள். நேராகப் பின்னறைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வீர்கள். எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. பேச முடியாத மனிதனுக்கு மைக் எதற்கு?

நகத்தால் மைக்கைத் தட்டினீர்கள். ஒரு தட்டு என்றால் ஆமாம், தொடர்ந்து தட்டினால் எனக்குப் பின்னால் எதிரி. சிரிப்பு வந்தால் மைக்கைப் பரபரவென்று சுரண்டுவீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நாம் நன்றாக ஆடியது அந்த ஞாயிறுகளில்தான்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தோம். தட்டு நின்றது. "ஏனுங்க மாப்ள?" என்றேன். ஒன்றும் வரவில்லை. மிக்சரைத் திறந்து அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. என் ஜாக்கைக் கழற்றி மாட்டினேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உங்கள் அறை ஜன்னல் வழியாக, உங்கள் மைக்கின் வழியாக, கீழே யாரோ காங்கேயம் காங்கேயம் என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. எழுந்து வராந்தாவில் நடந்தேன். பாதி வழியில் ஓட ஆரம்பித்தேன்.

தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விரல் மைக்கின் மேலேயே இருந்தது. திரையில் உங்கள் ஆள் துப்பாக்கியை ஏந்தியபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

கடையை மூடிவிட்டேன், மாப்ள. பதிவுகளை வைத்திருக்கிறேன். நீங்கள் அழிக்கச் சொன்னதும் இருக்கிறது. போட்டுக் கேட்டதில்லை.

யாராவது பேச்சு வரவில்லை என்றால் இன்றைக்கும் முதலில் பின்னால் என்ன கேட்கிறது என்றுதான் கவனிக்கிறேன். ஒரு சத்தமும் இல்லையென்றால் கவலையில்லை, வயரோ மிக்சரோ, உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். மின்விசிறி கேட்கிறது, தெரு கேட்கிறது, ஆள் மட்டும் கேட்கவில்லை என்றால் எதையும் தொடுவதில்லை. எழுந்து ஓடுகிறேன்.

முழங்கால் வீங்கியிருக்கிறது. மகள் தைலம் தேய்த்துவிட்டு, "இனிமே முறுக்கு திங்கறதுன்னா சொல்லிப்போட்டுத் திங்கறேனுங்கப்பா" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அடுத்த ஞாயிறும் ஓடுவேன்.