ஒரு கைப்பிடி பழைய மரத்தூள்

ஜூன் 2
இருபது கூண்டுப் புற்றுநோய் எலிகளின் முடிவும் வந்துவிட்டது. எல்லாம் போச்சு. பத்துக் கூண்டு எலிகளுக்கு நல்ல குடல் பாக்டீரியா புகட்டினேன், பத்துக்கு இல்லை. புகட்டியவற்றில் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவவில்லை. சந்தோஷம். ஆனால் புகட்டாத பத்தில் ஆறு கூண்டிலும் பரவவில்லையே! இரண்டு வருட உழைப்பு.

ஜூன் 4
"மாத்திக் குடுத்துட்டியாம்மா?" என்று பேராசிரியர் கேட்டார். நானா? எட்டாம் தேதிக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள்.

ஜூன் 5
சாப்பிடவில்லை. "எலிக்காகவா பட்டினி கிடக்கிற?" என்றாள் அம்மா போனில். கத்திவிட்டேன்.

ஜூன் 6
கூண்டு கழுவும் அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"மேடம், நீங்க மாத்திக் குடுக்கல. தப்பு என்னோடது. கழுவிப் புது மரத்தூள் போட்டா சில எலிங்க மிரண்டு மூலையில ஒடுங்கிடும். பழைய வாசனை இருந்தா அடங்கும். அதோட தூளை முன்னாடியே குப்பையில கொட்டியிருப்பேன். அதான் சாதுவா இருக்கிற கூண்டுலருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன்."

ஒரு கூண்டுத் தூள் மறு கூண்டுக்குப் போகக் கூடாது என்று சுவரில் பலகையே இருக்கிறது. "அறிவிருக்கா உங்களுக்கு?" — வாய்தவறி வந்துவிட்டது.

"வேலை போனாலும் பரவால்ல. பழி உங்க மேல விழக்கூடாது."

அப்போதுதான் உறைத்தது. எலி புழுக்கையைத் தின்னும். தூளில் புழுக்கை, புழுக்கையில் பாக்டீரியா! முடிவுப் பட்டியலை மறைத்துக்கொண்டு, எந்தெந்தக் கூண்டு என்றேன். விரல்விட்டுச் சொன்னார்: ரெண்டு, அஞ்சு, ஏழு, எட்டு, பதினொன்னு, பதினாலு. அதே ஆறு. அவர் அள்ளிய கூண்டுகளோ, எல்லாம் நான் புகட்டியவை.

என்ன பிறவிகள் இவை! கண்ணுக்கே தெரியாது. நார்ச்சத்தைத் தின்று ஓர் அமிலத்தை விடுகின்றன. அது ரத்தத்தில் போய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்புகிறது, அவை நுரையீரலில் ஒதுங்க வரும் புற்றணுவைத் தீர்த்துக்கட்டுகின்றன. நான் குழாய் வைத்துப் புகட்டியதை அக்கா ஒரு கைப்பிடியில் முடித்திருக்கிறார்.

ஜூன் 7
அக்கா போனால் நானும் போவேன் என்று பேராசிரியரிடம் சொல்லியே விட்டேன். "யாரு போகச் சொன்னா? மறுபடி செய்யுங்க. இந்தத் தடவை எழுதி வச்சுச் செய்யுங்க."

ஜூன் 8
அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அறிவிருக்கான்னு கேட்டுட்டேன்."

"இருக்குன்னுதானே மேடம் வந்து சொன்னேன்."

அக்டோபர் 19
இந்த முறை குழாயே இல்லை, முன்பு புகட்டிய எலிகளின் தூள் மட்டும். சூடேற்றிக் கிருமி நீக்கிய தூள் போட்ட பத்துக் கூண்டிலும் நோய் பரவியது. அக்கா கைப்பட அள்ளிப் போட்ட பத்தில் ஒன்பதில் பரவவில்லை. ஆராய்ச்சி தொடர்கிறது. அக்கா ஒன்றுதான் கேட்டார்: "மிரளாம இருந்துச்சுங்களா?"

நவம்பர் 3
அக்காவுக்கு லீவு. கூண்டுகளை நானே மாற்றினேன். பலகையில் இப்போது புது வரி: 'அதனதன் பழைய தூள் ஒரு கைப்பிடி போடவும்.' போட்டேன். ஐந்தாம் கூண்டு எலி மூலைக்கு ஓடியது, மோந்து பார்த்தது, திரும்பி வந்து முகம் துடைக்க ஆரம்பித்தது.