பாத்திரக் கடை மாடியின் சங்கச் செயலாளருக்கு

போன திங்கட்கிழமை காலை மீனம்பாக்கத்தில், புறப்படுவதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது எரிபொருள் வாசனை மூக்கில் ஏறியது. வருடக்கணக்கில் பழகிய வாசனைதான். எரிபொருள் வண்டி இறக்கைக்குக் கீழே வந்து நின்றிருந்தது; ஆனால் குழாயை இன்னும் மாட்டவில்லை. வண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்னாச்சுண்ணே?” என்றேன்.

“ஆபீஸ்லேர்ந்து ஓகே வரல சார். பேமென்ட் மேட்டராம். அதான் வெய்ட் பண்ணிக்கினு கீறேன்.”

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் போன் வந்தது, குழாயை மாட்டினார், நாங்கள் கோயம்புத்தூர் போய்த் திரும்பினோம். பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் அன்று தொடங்கிய நெஞ்சுப் படபடப்பு வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. நம் பழைய கம்பெனியின் முடிவும் இப்படித்தான் தொடங்கியது. அது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் கம்பெனியில் அதை யாரிடம் சொல்வது? அன்றிலிருந்து மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நீயும் நானும் ஒரே நாளில் அந்தக் கம்பெனியில் துணை விமானிகளாகச் சேர்ந்தோம். சில வருடங்கள் கழித்து, ஒரு வார இடைவெளியில் கேப்டன் ஆனோம். உன் தோளில் நான்காவது பட்டை ஏறிய அன்று, தி. நகரில் உன் அப்பாவின் பாத்திரக் கடைக்கு வந்த எல்லோருக்கும் ஜாங்கிரி கிடைத்தது. அதே கடையின் மாடியில் சங்கக் கூட்டம் நடத்துவோம் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

சம்பளம் நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. சங்கச் செயலாளராக இருந்தவர் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வர யாருக்கும் மனமில்லை. வந்தால் பெயர் வெளியே தெரியும்; நாளைக்கு வேறு கம்பெனியில் கதவு திறக்காது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ கையைத் தூக்கினாய். “யாராவது ஒருத்தர் போனை எடுக்கணும்ல” என்றாய், அவ்வளவுதான்.

கூட்டம் நடத்தக் கம்பெனி இடம் தரவில்லை. அதனால் உன் கடை மாடி. அடுக்கி வைத்த குடங்களுக்கும் இட்லிக் கொப்பரைகளுக்கும் நடுவே விமானிகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது குரலை உயர்த்தினால் எவர்சில்வர் அடுக்கு மெல்ல ரீங்கரிக்கும். உன் அப்பா படியேறி வந்து மகளிடம், “ஏளா, எல்லாருக்கும் காப்பி சொல்லட்டுமா?” என்பார். எத்தனை வருடம் மெட்ராஸில் கடை நடத்தினாலும் அவர் பேச்சு திருநெல்வேலியை விட்டு வரவில்லை.

அந்தக் கடைசிக் கூட்டத்தில் பாதிப் பேர் உடனே வேலைநிறுத்தம் என்றார்கள். மீதிப் பேர், புதிய முதலீட்டாளர் வரப்போகிறார், இப்போது நிறுத்தினால் எல்லாம் போச்சு என்றார்கள். நீ இரண்டு பக்கமும் சேரவில்லை. “தூக்கம் வராதவங்க, மனசு நிலைக்காதவங்க, மறைக்காம அன்ஃபிட்னு, பறக்குற நிலையில இல்லன்னு சொல்லிடுங்க. மத்தவங்க ஓட்டட்டும்” என்றாய். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “பயத்தோட ஓட்டலாம். கவலையோட ஓட்டக் கூடாது” என்றாய்.

மயிலாப்பூர் கேப்டன் ராகவன் எழுந்துவிட்டார். “எல்லாரும் அன்ஃபிட்னு சொல்லிண்டு உக்காந்தா, வர்றவனும் ஓடிப் போயிடுவான்! ஆத்துல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துண்டு இருக்கா. நாளைக்கு அவாளுக்கு நீ பதில் சொல்வியா?”

“என்னால பதில் சொல்ல முடியாது சார்” என்றாய். “ஆனா நாளைக்குக் காலைல என் ஃப்ளைட்டை நான் எடுக்கப் போறதில்ல. நான் மூணு நாளா தூங்கல.”

நீ அன்ஃபிட் சொன்னாய். உன்னைப் பார்த்து இன்னும் பலர் சொன்னார்கள். விமானங்கள் ரத்தாயின. நிர்வாகம் அதை மறைமுக வேலைநிறுத்தம் என்றது. தொலைக்காட்சியில் யார் யாரோ உட்கார்ந்து, விமானிகளின் பேராசைதான் கம்பெனியைக் கொன்றது என்றார்கள். முதலீட்டாளர் வரவே இல்லை. சில வாரங்களில் எல்லா விமானங்களும் தரையில் நின்றன. குத்தகைக்குக் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொன்றாக வந்து எடுத்துப் போனார்கள்.

வக்கீல் நமக்கு விளக்கிச் சொன்னது நினைவிருக்கிறதா? திவால் வழக்கில் முதல் வரிசையில் கடன் கொடுத்தவர்கள் நிற்பார்கள், நாம் எங்கேயோ பின்னால். வெளியே வந்து லஸ் முனையில் நின்றபோது நீ சிரித்தாய். “ஃப்ளைட்ல நாம முன்னாடி சீட்டு, கோர்ட்ல கடைசி சீட்டு.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கம்பெனியோடு மருத்துவக் காப்பீடும் போயிருந்தது. ரொம்ப நாள் பறக்காமல் இருந்தால் உரிமமும் கையில் நிற்காது. ராயப்பேட்டை வீட்டில் அம்மா தினமும் என் முகத்தைப் பார்ப்பாள்.

அதன் பிறகு நீ செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு உன் மேல் மரியாதையோடு கோபமும் வந்தது. மற்ற கம்பெனிகளுக்கு நீயே போன் போட்டாய், உனக்காக அல்ல. எங்கள் ஒவ்வொருவருக்காகவும் பேசினாய். எனக்கு வேலை கிடைத்தது. கேப்டனாக இருந்தவன் மறுபடியும் துணை விமானியாக வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். உன்னிடம் கத்திய ராகவனுக்கும் நீதான் வழி காட்டினாய். உன்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நேர்காணல் வரை போனால், “சங்கத்துல இருந்தீங்கல்ல?” என்று ஒரு கேள்வி வரும். அதோடு முடிந்துவிடும்.

மயிலாப்பூர் மெஸ்ஸில் நாம் கடைசியாகச் சாப்பிட்ட மதியம் நீ இலையில் பாதியை வைத்துவிட்டாய். நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாய்.

“என்ன, தலைவலியா?”

“வெயிலுடா சலீம். வேற ஒண்ணும் இல்ல. அடுத்த வாரம் எனக்கு ஒரு இன்டர்வியூ வந்திருக்கு தெரியுமா?”

உன் முகம் அவ்வளவு மலர்ந்து பார்த்து நாளாகியிருந்தது. நான் தலைவலியை மறந்து இன்டர்வியூவைப் பற்றியே பேசினேன்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் நீ கடையில் மயங்கி விழுந்தாய். மூளையில் கட்டி. மருத்துவமனையில் சேர்த்த பிறகு உனக்கு நினைவு திரும்பவே இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் அப்பா என்னைக் கடைக்குள் உட்கார வைத்துச் சொன்னார்: “ரொம்ப நாளா தலைவலி தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாளான்னு கூப்பிட்டேன். போனா எழுதிருவாவ, லைசென்ஸு போயிரும், வேலை கிடைச்ச பொறவு பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டா.”

மறைக்காமல் சொல்லுங்கள் என்று எங்களிடம் சொன்னவள் நீ. உன்னையே சொல்ல விடாமல் செய்தது எது என்று நான் யோசிக்காத நாள் குறைவு. முன்னமே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டர்கள் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லை.

இப்போது நானும் இந்தக் கம்பெனியில் கேப்டன். திங்கட்கிழமைக்குப் பிறகு நிர்வாகம், வதந்திகளை நம்ப வேண்டாம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியது. அதைப் படித்ததும் படபடப்பு கூடியது. என் மனைவி நஸ்ரின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. டாக்டர்ட்ட போலாம் வாங்க.”

“அடுத்த மாசம் லைசென்ஸுக்கு மெடிக்கல் செக்கப் இருக்கு. அது முடிஞ்சதும் பாத்துக்கலாம்.”

சொல்லி முடித்ததும் உன் அப்பாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நஸ்ரின் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மறுநாள் காலை கம்பெனிக்குப் போன் செய்து, நான் பறக்கிற நிலையில் இல்லை என்று சொன்னேன். அடையாறில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை மார்பில் ஒட்டி அனுப்பினார். முடிவு இன்னும் வரவில்லை. பறக்க விடுவார்களா, மாட்டார்களா, தெரியாது.

இன்று சாயங்காலம் அடையாறில் ஒரு நண்பரின் வீட்டில் விமானிகள் கூடினோம். இப்போது இதே கம்பெனியில் இருக்கும் ராகவனும் வந்திருந்தார். இங்கே இதுவரை சங்கம் இல்லை. தொடங்கலாமா என்று பேச்சு. முதலில் எல்லோரும் சாதாரணமாக இருந்தார்கள். எரிபொருள் வண்டி தாமதம்தானே, வேறென்ன என்றார்கள். எல்லோரும் எதையோ விழுங்கிக்கொண்டு பேசுவது போலிருந்தது. நான் எழுந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, மார்பில் ஒட்டியிருந்த ஒயர்களைக் காட்டினேன். “நான் இந்த வாரம் அன்ஃபிட். உரிமம் நிக்குமான்னு தெரியல. பயமா இருக்கு” என்றேன்.

ராகவன், தரையைப் பார்த்தபடியே, “நேக்கு ரெண்டு மாசமா ராத்திரி தூக்கமே இல்லே சலீம்” என்றார். ஓரத்தில் இருந்த ஒரு பெண் கேப்டன், “எனக்கு லேண்டிங் சமயத்துல கை வேர்க்குது. வீட்டுல கூட சொல்லல” என்றாள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர்.