மூன்றாம் அத்தியாயத்தின் சாட்சி

மார்ச் 3

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கமெல்லாம் சிவப்பு மை. "டெலிபோன் ஆபரேட்டர்களோட வேலைநிறுத்தம்னு தலைப்பு வச்சிருக்கே. பேசுறது உங்கம்மா மட்டும்தானேம்மா? அன்னைக்கு வந்த பத்திரிகையப் பாரு. கூட வேலை பார்த்தவங்களக் கேளு."

முதல் ஆளாக ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தவள் என் அம்மா. அவளைவிட நல்ல சான்று இவருக்கு எங்கே கிடைக்குமாம்? ஊரில் இல்லாத நெறியாளர்!

மார்ச் 8

நூலகம். தூசி, தும்மல். செய்தித்தாளில் நான்கே வரி, ஒரு பெயரும் இல்லை. இனி ஆட்களைத்தான் தேட வேண்டும்.

மார்ச் 12

அன்றைய சங்கச் செயலாளரைப் பார்த்தேன். அம்மாவின் பெயரைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ வெளிய வரவே இல்லியேம்மா. உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்க எதிர்க்கடையிலேர்ந்து போன் போட்டேன். 'எந்த நம்பர் வேணும்?'னு அவ குரல்தான் வந்துச்சு. பேசாம வச்சுட்டேன். ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க."

கூட வேலை பார்த்த இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். அதே பதில்.

மார்ச் 13

ஏமாத்திட்டா. என்னையே! பள்ளிக்கூடத்தில் அவள் கதையைச் சொல்லித்தானே கைதட்டல் வாங்கினேன்? இந்த ஆராய்ச்சியே அவளுக்காகத்தானே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை எனக்கே ஊட்டியிருக்கிறாள்.

மார்ச் 14

அவளோடு பேசவில்லை.

மார்ச் 17

கேட்டே விட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நிற்கவில்லை.

"பயந்துட்டேன்டி. வேலை போயிடும்னு."

"சரி, பயந்தே. என்கிட்ட ஏன் பொய் சொன்னே?"

"சின்னப்புள்ளையில கண்ணு விரியக் கேட்டே. அப்புறம் எப்படி மாத்துறது?"

பாவி. எனக்குப் பரிதாபம்கூட வரவில்லை.

மார்ச் 29

அவளுடைய ஒலிப்பதிவுகளை அழிக்கப் போனேன். மனசு வரவில்லை. மறுபடி எதிரே போய் உட்கார்ந்து புதிதாகப் பதிவு செய்யத் தொடங்கினேன். "வெளிய நடந்தது வேணாம். உள்ள நடந்ததச் சொல்லு."

அம்மா வாய் திறந்தாள். "பேசாம வச்சுட்ட போன் ஒண்ணு வந்துச்சு. மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு. அது யாரு மூச்சுன்னு எனக்குத் தெரியும்டி."

நான் செயலாளரைப் பற்றி அவளிடம் சொல்லவே இல்லை.

ஏப்ரல் 10

திருத்திய அத்தியாயங்களை நெறியாளர் ஒப்புக்கொண்டார். இன்னும் அம்மாவோடு பழையபடி பேச முடியவில்லை. அவளாகவே வந்து கேட்டாள்.

"ஆராய்ச்சியிலேர்ந்து என்னை எடுத்துட்டியா?"

"இல்ல. நாலாம் அத்தியாயத்துக்கு மாத்திட்டேன்."

"அதுல யாரு?"

"வெளிய வராதவங்க."

"கூட வேற யாரெல்லாம் இருக்காங்க?"

"யாரும் வாயத் திறக்கலம்மா. நீ மட்டும்தான்."