ஒரு சாக்கு உமி

அன்புள்ள அம்மாவுக்கு,

மால்டாவில் நீங்களும் அப்பாவும் நலந்தானே? மூட்டுவலி குறைந்ததா? இத்தாலியில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று அரிசி ஆலையில் ஒரு வேடிக்கை. என்னையறியாமல் உமியைச் சலித்து, உடையாததை மட்டும் சாக்கில் நிரப்பிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி ப்ரூனோ பார்த்துவிட்டார். "ஏன்டா, ஊரே உமியைத் தள்ளிட்டு அரிசியை எடுக்குது, நீ உமியைப் பொறுக்குறியே!" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கோயில் திருவிழாவுக்கு அண்ணன் விஸ்டினும் நானும் வாணக் கொட்டகையில் இப்படித்தானே சலிப்போம்? வெடிமருந்து பூசிய உமியை வாணக் குண்டுக்குள் அடைத்தால்தான் வானத்தில் பூ பெரிதாக விரியும் என்பான். கொட்டகை அவனோடு எரிந்து மூன்று வருஷமாகிறது.

கோபப்படாதீர்கள் அம்மா, அந்தச் சாக்கை ஊர் வாணச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் திருவிழாவில் அந்த உமியை அடைத்த வாணத்தைத்தான் முதலில் அண்ணன் பேரில் விடுகிறார்கள்.

என் நீலக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். நீங்கள் போட்ட ஆலிவ் ஊறுகாயும் கொஞ்சம் வேண்டும், இங்கே விற்பதை வாயில் வைக்க முடியவில்லை.

ஆலை மணி அடித்துவிட்டது. திருவிழா வந்தாலே சன்னல்களைச் சாத்திக்கொள்கிறீர்களாம், அப்பா சொன்னார். அந்த ஒரு வாணத்துக்கு மட்டும் திறந்து வையுங்கள். சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கண்ணை மூடிவிடாதீர்கள்.

உங்கள் சல்வு